முடிவுறாத மாளிகை

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பேங்கிற்குச் செல்லும் சாலையில் பயணம் செய்வோரின் கண்ணில் ஒரு பெரிய செங்கல் மாளிகை தென்படும். ராயா ஆற்றை ஒட்டிய மேட்டின்மேல் அது நிற்கிறது. அதன் பல சுவர்களில் சுண்ணாம்பு பூசப்படவில்லை. சன்னல்களுக்குரிய இடங்கள் திறந்தே கிடக்கின்றன. கோபுரத்தின் நடுவே மின்தூக்கிக்காக விடப்பட்ட குழி இருக்கிறது; ஆனால், மின்தூக்கி இல்லை. மக்கள் அதனைக் கெல்லிஸ் காசல் என்று அழைக்கின்றனர்.

காசல் என்றால் கோட்டை. எனினும், அந்தக் கோட்டையில் எந்த அரசரும் வாழ்ந்ததில்லை. அதைக் கட்டத் தொடங்கியவர் கடல் கடந்து பிழைக்க வந்த ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. அவர் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். தம் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ வேண்டும் என்று அவர் எழுப்பிய வீட்டில் அவருடைய குடும்பம் நிலைத்து வாழவில்லை. அவர் வாழ்க்கையை அறிந்துகொள்ளும்போது, அவரோடு சேர்ந்து உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் வரலாற்றையும் நாம் அறிந்துகொள்கிறோம்.

பிறந்த மண்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மோரே என்னும் வட்டாரம் உள்ளது. அங்குள்ள கெல்லஸ் என்ற சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஸ்மித் பிறந்தார். அவர் வளர்ந்த பண்ணையின் பெயர் ஈஸ்டர் கெல்லஸ். குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் அந்த ஊரில் பயிரும் கால்நடையுமே மக்களின் வாழ்வாதாரம்.

அக்காலத்தில் ஸ்காட்லாந்து இளைஞர் பலர் பிறந்த ஊரைவிட்டு வெளியேறினர். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை எனப் பிரிட்டிஷ் ஆட்சி பரவியிருந்த நாடுகளை நோக்கி அவர்கள் கப்பலேறினர். சிலர் நிலம் தேடிச் சென்றனர். சிலர் பொறியாளராகவும் தோட்ட நிருவாகியாகவும் வேலை தேடிச் சென்றனர். ஸ்மித்தும் அவர்களுள் ஒருவர். கட்டுமானப் பொறியியல் அறிந்திருந்த அவர் 1890ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20.

கிந்தா பள்ளத்தாக்கு

ஸ்மித் வந்து இறங்கிய காலம் மலாயா விரைந்து மாறிக்கொண்டிருந்த காலம். 1874ஆம் ஆண்டு செய்யப்பட்ட பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர்ப் பேராக் மாநிலத்தில் பிரிட்டிஷாரின் செல்வாக்கு வேரூன்றியது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் மிகுதியாகக் கிடைத்தது. உணவுப் பொருள்களை அடைக்கும் தகர டப்பாக்களுக்கு உலகச் சந்தையில் ஈயம் தேவைப்பட்டது. அதனால், சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கிந்தாவிற்கு வந்து சுரங்கங்களில் உழைத்தனர். காட்டை வெட்டிச் சாலை போடவும் நிலத்தை அளந்து எல்லை குறிக்கவும் ஆள்கள் தேவைப்பட்டனர்.

நியூசிலாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் என்பவர் பேராக்கில் நில அளவைத் தொழிலை நடத்தி வந்தார். ஏறத்தாழ 9,000 ஹெக்டர் காட்டைத் திருத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஸ்மித் அவரிடம் சேர்ந்தார். அடர்ந்த காட்டிற்குள் நாள்முழுதும் நடக்க வேண்டும். அட்டைக்கடியும் கொசுக்கடியும் ஓயாத தொல்லைகள். மலேரியாக் காய்ச்சல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அத்தகைய சூழலில் உழைத்து ஸ்மித் நல்ல வருவாய் ஈட்டினார். நிலத்தின் இயல்பையும் நன்கு கற்றுக்கொண்டார்.

சேர்த்த பணத்தைக் கொண்டு அவர் கிந்தாவில் 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கினார். அந்தத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லஸ் என்று பெயரிட்டார். தாம் பிழைக்க வந்த இடத்தின் பெயரும் தாம் பிறந்த ஊரின் பெயரும் அதில் இணைந்திருந்தன. ஈயத் தொழிலிலும் அவர் கால் பதித்தார். கிந்தா கெல்லஸ் என்ற பெயரிலேயே ஈயம் எடுக்கும் நிறுவனம் ஒன்றும் உருவானது.

பால்மரமும் பாட்டாளிகளும்

ரப்பர் மரம் மலாயாவிற்குச் சொந்தமானதன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் பிரேசில் நாடு. அங்கிருந்து இலண்டன் கொண்டு செல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரிலும் நடப்பட்டன. சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து தோட்டக்காரர்களிடையே பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ரப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. முன்கூட்டியே ரப்பர் நட்டவர்கள் செல்வந்தராயினர்.

ஆனால், ரப்பர் மரம் உடனே பலன் தருவதன்று. கன்று நட்டு ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் கூர்மையான உளியால் மெல்லிய கோடாகச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். எனவே, விடியும் முன்னரே வேலை தொடங்க வேண்டும். ஒருவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவுவார். பிறகு, கோப்பைகளில் சேர்ந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வருவார். அந்த வேலையைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வறட்சியும் கடனும் மக்களை வாட்டின. கங்காணிகள் தங்கள் ஊருக்குத் திரும்பி வந்து ஆள் சேர்த்தனர். ஒரே ஊரைச் சேர்ந்தவர்களும் உறவினர்களும் குழுவாகப் புறப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பல நாள் கடற்பயணத்திற்குப் பின் பினாங்கை அடைந்தனர். நோய் பரவாதிருக்கப் பினாங்குத் தீவுக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். அதன்பின் பெருநிலத்தில் கால் வைத்தனர். பிறையிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டி நிபோங் திபாலைக் கடந்து பேராக்கிற்குள் நுழையும். நிபோங் திபால் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் வேலை செய்தனர். அவர்களுக்குப் பின்னால் வந்த பலர் கிந்தாவிலும் ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் குடியேறினர்.

ஸ்மித்தும் அந்தத் தொழிலாளர்களும் கடல் கடந்து வந்தவர்களே. இருவரும் பிறந்த ஊரை நினைத்து ஏங்கியவர்களே. ஆயினும், இருவரின் நிலையும் ஒன்றன்று. ஸ்மித் நிலத்தின் உரிமையாளர். தொழிலாளர்கள் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களின் வேலையும் இருப்பிடமும் துரையின் கையில் இருந்தன. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு மாளிகையின் கதையைச் சொல்ல இயலாது.

குடும்பம்

செல்வம் சேர்ந்த பின்னர் ஸ்மித் தாயகம் சென்றார். அங்குத் தாம் விரும்பிய ஆக்னஸ் என்னும் பெண்ணை மணந்து, 1903ஆம் ஆண்டு மலாயாவிற்கு அழைத்து வந்தார். மறு ஆண்டு அவர்களுக்கு ஹெலன் என்ற மகள் பிறந்தாள். 1910ஆம் ஆண்டையொட்டி, ஆற்றங்கரை மேட்டில் ஸ்மித் தம் குடும்பத்திற்காக முதல் வீட்டைக் கட்டினார். அது கெல்லஸ் இல்லம் எனப்பட்டது. அதன் சிதைந்த பகுதிகளை இன்றும் மாளிகைக்குப் பின்புறம் காணலாம்.

அந்நாளில் ஒரு தோட்டத் துரையின் மதிப்பை அவர் வீட்டைக் கொண்டே பிறர் அளந்தனர். நிபோங் திபால் அருகிலுள்ள காலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தின் பெரிய வீடு ஒன்று இருக்கிறது. 99 கதவு வீடு என்று மக்கள் அதனைக் குறிப்பிடுவர். காலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழம்பெயர். பிறந்த மண்ணின் பெயரைத் தோட்டத்திற்கு வைப்பதும், மேட்டில் பெரிய வீட்டை எழுப்புவதும் அக்காலத்து வழக்கம். மேட்டில் துரையின் வீடு, சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள், தாழ்வான நிலத்தில் தொழிலாளர் லயங்கள் என்பதே பல தோட்டங்களின் அமைப்பாக இருந்தது.

தம் தோட்டத்தையும் தொழிலையும் ஏற்று நடத்த ஒரு மகன் வேண்டும் என்று ஸ்மித் விரும்பினார். பல ஆண்டுகள் அந்த ஆசை நிறைவேறவில்லை. 1915ஆம் ஆண்டு ஆண்டனி என்ற மகன் பிறந்தான். ஸ்மித்தின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வாரிசு பிறந்துவிட்டான், இனி இந்த மண்ணில் தம் குடும்பம் வேரூன்றும் என்று அவர் நம்பினார். பழைய வீடு அவருக்குச் சிறியதாகத் தோன்றியது. அவ்வாண்டே அதனோடு இணைத்து ஒரு பெரிய மாளிகையைக் கட்டும் பணி தொடங்கியது.

கனவு மாளிகை

ஸ்மித் திட்டமிட்ட மாளிகை மூன்று நாட்டுக் கலைகளின் கலவை. கோட்டை போன்ற கோபுரமும் தடித்த சுவர்களும் ஸ்காட்லாந்தை நினைவூட்டுகின்றன. வளைந்த வாயில்களும் வரிசை வரிசையான வளைவுகளும் மூரிஷ் எனப்படும் இசுலாமியக் கட்டடக் கலையைச் சார்ந்தவை. செங்கல் வேலைப்பாட்டில் இந்தியக் கைவண்ணம் தெரிகிறது. இத்தகைய கலவை அக்காலத்தில் பலரையும் கவர்ந்தது. கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் பழைய தொடர்வண்டி நிலையமும் சென்னை உயர்நீதிமன்றமும் இதே விருப்பத்தின் வெளிப்பாடுகள்தாம்.

செங்கற்களும் பளிங்குக் கற்களும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கல்லை மட்டும் கொண்டு வந்தால் போதுமா? அதனை அடுக்கி உயிர் கொடுக்கும் கைகளும் வேண்டுமல்லவா? சென்னையிலிருந்து 70 கைவினைஞர்களை ஸ்மித் வரவழைத்தார். கொத்தனார்களும் தச்சர்களும் தங்கள் கருவிகளோடு கடல் கடந்தனர். மாளிகையின் வளைவுகளை உற்று நோக்கினால், அவர்களின் திறமை விளங்கும். வளைவில் ஒரு செங்கல் பிசகினாலும் மேலுள்ள சுமை சமமாக இறங்காது. நூறாண்டு கடந்தும் அந்த வளைவுகள் நிற்கின்றன.

ஆறு மாடி உயரக் கோபுரம், அதில் ஏறிச் செல்ல மின்தூக்கி, உள்ளரங்கு டென்னிஸ் திடல், விருந்தினர் கூடும் திறந்த மொட்டைமாடி ஆகியவை ஸ்மித்தின் திட்டத்தில் இருந்தன. மின்தூக்கி பொருத்தப்பட்டிருந்தால் மலாயாவில் அதுவே முதலாவதாக இருந்திருக்கும் என்பர். மாளிகைக்கு அடியில் சுரங்கப் பாதைகள் உள்ளன என்ற பேச்சும் மக்களிடையே உண்டு.

நோயும் கோயிலும்

மாளிகை வேலை தொடங்கியபோது ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் முடியும் வேளையில் அதனினும் கொடிய ஓர் எதிரி உலகைச் சூழ்ந்தது. அது ஸ்பானியக் காய்ச்சல் எனப்பட்ட தொற்றுநோய். 1918ஆம் ஆண்டு பரவத் தொடங்கிய அந்நோய் உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமன்றி, வலிமைமிக்க இளைஞர்களையும் அது சாய்த்தது. மலாயாவின் தோட்டங்களில், நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

ஸ்மித்தின் மாளிகையைக் கட்டிய தொழிலாளர்களும் தப்பவில்லை. நேற்று உடன் நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தவர் இன்று இல்லை என்ற நிலை. அந்நோய்க்கு அன்று மருந்து இல்லை. மருத்துவமனைகளும் திணறின. எஞ்சியோர் மனத்தில் அச்சம் குடிகொண்டது. ஊரில் அம்மை நோயோ கொள்ளைநோயோ வந்தால், மாரியம்மனை வேண்டுவது அவர்களின் வழக்கம். வந்த இடத்தில் அம்மனுக்குக் கோயில் இல்லையே என்ற குறை அவர்களை வருத்தியது. கோயில் ஒன்று கட்ட வேண்டும் என்று துரையிடம் கேட்டுக்கொண்டனர்.

ஸ்மித் மறுக்கவில்லை. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. தொழிலாளர்கள் இல்லாமல் தோட்டமும் நடக்காது, மாளிகையும் உயராது. எனவே, அந்த உதவியில் அவருடைய நலனும் கலந்திருக்கலாம். எனினும், தம் சமயத்தைச் சாராத மக்களின் நம்பிக்கையை அவர் இழிவாகக் கருதவில்லை என்பது தெளிவு. கேட்டவர்களின் துயரத்தை அவர் கண்டார், கேட்டதைக் கொடுத்தார்.

தொழிலாளர்கள் அந்த நன்றியை மறக்கவில்லை. கோயிலின் மேற்புறத்தில் தெய்வச் சிலைகளின் வரிசையில், வெள்ளை உடையும் வெயில் தொப்பியும் அணிந்த ஒரு துரையின் உருவத்தையும் அமைத்தனர். அது ஸ்மித்தின் உருவம். பிழைப்புக்காக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், மலாயா மண்ணில், தமிழ்க் கோயிலின் உச்சியில் நிற்கிறார். இத்தகைய காட்சியை வேறிடங்களில் காண்பது அரிது.

திரும்பாத பயணம்

நோய் தணிந்த பின்னர் வேலை மீண்டும் நடந்தது. ஆனால், காலம் ஸ்மித்துக்குச் சாதகமாக இல்லை. போருக்குப் பின் 1920ஆம் ஆண்டில் ரப்பரின் விலை கடுமையாகச் சரிந்தது. மலாயாவின் தோட்ட முதலாளிகள் பலர் திணறினர். செங்கல் செங்கலாக உயர்ந்த மாளிகை, தொடங்கிப் பத்தாண்டு கடந்தும் முடிவுறவில்லை.

1926ஆம் ஆண்டு ஸ்மித் ஐரோப்பா சென்றார். போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் அவரை நிமோனியாக் காய்ச்சல் தாக்கியது. மாளிகைக்கான மின்தூக்கியைப் பெறவே அவர் அங்குச் சென்றார் என்று மக்கள் கூறுவர். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 56. பிறந்த ஸ்காட்லாந்திலும் இல்லை. உழைத்த மலாயாவிலும் இல்லை. மூன்றாவது நாடொன்றில் அவர் வாழ்வு முடிந்தது.

செய்தி ஆக்னஸை நிலைகுலையச் செய்தது. கணவர் இல்லாத மாளிகை அவருக்கு வெறும் செங்கற் குவியலாயிற்று. கட்டுமானம் நின்றது. அவர் மலாயாவை விட்டு ஸ்காட்லாந்து திரும்ப முடிவு செய்தார். மாளிகையும் சொத்தும் ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. யாருக்காக அந்த மாளிகை தொடங்கப்பட்டதோ, அந்த மகன் அதன் தலைவனாக ஒருநாளும் ஆகவில்லை.

எஞ்சி நிற்பவை

ஆள் நடமாட்டம் இல்லாத மாளிகையைக் காடு மெல்லச் சூழ்ந்தது. வேர்கள் சுவரைப் பற்றின. கொடிகள் வளைவுகளில் ஏறின. ஸ்மித்தின் ஆவி உலவுகிறது என்ற கதைகளும் பிறந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் மாளிகை தூய்மை செய்யப்பட்டுச் சுற்றுலாத் தலமாயிற்று. 1999ஆம் ஆண்டு வெளிவந்த அன்னா அண்டு தி கிங் என்ற ஆங்கிலத் திரைப்படத்தின் சில காட்சிகள் அங்குப் படமாக்கப்பட்டன. இன்று பள்ளி மாணவர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் அங்கு வந்து செல்கின்றனர்.

ஸ்மித்தின் வாழ்க்கையை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? 20 வயதில் வேலை தேடி வந்தவர் 1,000 ஏக்கர் நிலத்திற்கு உரிமையாளரானார். அந்த உழைப்பும் துணிவும் போற்றத்தக்கவை. ஆயினும், அவர் பெரிதும் விரும்பியது செல்வத்தை அன்று. தம் பிள்ளைகள் ஓடியாடும் ஒரு வீட்டையே அவர் விரும்பினார். அதற்குரிய காலம் அவருக்குக் கிட்டவில்லை. பொருளைச் சேர்க்கலாம்; கல்லைக் கடல் கடந்து கொண்டு வரலாம்; வாழ்நாளை மட்டும் யாரும் கூடுதலாக வாங்கி வர முடியாது.

இன்னொன்றையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மாளிகைக்கு ஸ்மித்தின் பெயர் நிலைத்துவிட்டது. கோயிலில் அவர் உருவமும் இருக்கிறது. ஆனால், சென்னையிலிருந்து வந்த அந்த 70 கைவினைஞர்களின் பெயர்களையோ, காய்ச்சலில் மாண்ட தொழிலாளர்களின் பெயர்களையோ மாளிகையின் எந்தச் சுவரும் சொல்வதில்லை. அவர்களுக்கும் ஊரில் காத்திருந்த தாய் இருந்திருப்பார். மனைவி மக்கள் இருந்திருப்பர். ஸ்மித்தின் குடும்பத்தைப் போலவே அந்தக் குடும்பங்களும் வராத ஒருவருக்காக வழி பார்த்திருக்கும்.

பெயர் எழுதப்படாவிட்டாலும் அவர்களின் உழைப்பு மறையவில்லை. மாளிகையில் குடும்பம் குடியேறவில்லை; விளக்கு ஏற்றப்படவில்லை. தொழிலாளர்கள் கேட்டுப் பெற்ற கோயிலிலோ விளக்கு எரிந்தது, வழிபாடு தொடர்ந்தது. மாளிகையைக் காணச் செல்லும் நாம் அந்தக் கோயிலுக்கும் சென்று வருவோம். வளைவுகளில் பொருந்தியிருக்கும் ஒவ்வொரு செங்கல்லையும் ஒரு தொழிலாளரின் கை தொட்டிருக்கிறது என்பதை நினைவிற்கொள்வோம்.